ஒருசந்தியை மறந்த வருகைக்காலம்

என் மேசையின் மீது மூன்று அழைப்பிதழ்கள் கிடக்கின்றன. மூன்றும் நத்தார் ஒன்றுகூடல்களுக்கானவை. மூன்றும் நத்தார் பிறப்பதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடப் போகின்றவை. அவற்றுள் ஒன்று திருவருகைக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை, வெஸ்ட் ஈலிங்கில் வாடகைக்கு எடுக்கப்பட்ட மண்டபம் ஒன்றில் நடைபெறவுள்ளது. ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி உண்டு, பிரியாணி உண்டு, இன்னிசை உண்டு என அழைப்பிதழ் கூறுகின்றது. அழைத்திருப்பவர்கள் கத்தோலிக்கப் பெற்றோர். ஞாயிறு தவறாமல் பூசை காண்கின்றவர்கள், என் மதிப்புக்குரியவர்கள். வெள்ளிக்கிழமையில் ஆட்டிறைச்சி என்பது அவர்களுள் ஒருவருக்கேனும் தட்டுப்படவில்லை என்பதுதான் என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 2011 செப்டெம்பர் 16ஆம் திகதி முதல் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்த்தலை மீண்டும் கடமையாக்கினர். அதற்கு முன்னர் கால் நூற்றாண்டுக்கு மேலாக, எந்த ஒறுத்தலை மேற்கொள்வது என்பது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. இன்று இந்நாட்டில் வாழும் பதினான்கு வயது நிரம்பிய கத்தோலிக்கர் எவரும், தக்க காரணமின்றி வெள்ளியில் இறைச்சி உண்ணலாகாது. எமது மக்களுள் எத்தனை பேர் இதனை அறிவார்கள்? இறைச்சியைத் தெரிந்தே உண்பவரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. அறியாமலே உண்பவரைப் பற்றித்தான் கவலை. முன்னவர் ஒரு சட்டத்தை மீறுகின்றார். பின்னவரிடமிருந்தோ நாட்காட்டியே களவு போய்விட்டது.

திருவருகைக்காலத்தில் உண்ணாநோன்பு இன்று கட்டாயமன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு திருநீற்றுப் புதனையும் பெரிய வெள்ளியையும் மாத்திரமே உண்ணாநோன்புக்குரிய நாட்களாக வைத்துள்ளது. ஆனால் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயராக இருந்த பெர்பெத்துவுஸ், நவம்பர் 11இல் வரும் புனித மார்ட்டின் திருநாள் தொடக்கம் நத்தார் வரை வாரத்தில் மூன்று நாட்கள் நோன்பிருக்குமாறு பணித்தார். அடுத்த நூற்றாண்டில் மாக்கோன் நகரில் கூடிய சங்கமும் அதனை வலியுறுத்தியது. மக்கள் இதனைப் 'புனித மார்ட்டினின் தபசுகாலம்' என அழைத்தனர். காலப்போக்கில் நாட்கள் சுருங்கின. விதிவிலக்குகள் பெருகின. இறுதியில் டிசெம்பர் 24ஆம் நாளும், மாதத்தின் நடுவில் வரும் மூன்று நாட்களுமே எஞ்சியிருந்தன. 1966 பெப்ரவரியில் பாப்பரசர் ஆறாம் பவுல் நோன்பு ஒழுங்குகளைத் திருத்தியபோது அவற்றின் கட்டாயமும் நீங்கியது. அவர் நோக்கம் ஒறுத்தலை ஒழிப்பதன்று. சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதை மனமுவந்து செய்யட்டும் என்பதே. மனமுவந்து செய்யலாம் என்று விடப்பட்டவற்றுக்கு என்ன நேரும் என்பதை ஆசிரியத் தொழில் பார்த்தவர் எவரும் அறிவர். பல்கலைக்கழகத்தில் நான் விரிவுரை நிகழ்த்திய காலத்தில், 'விரும்பினால் வாசிக்கலாம்' என்று நான் குறித்துக்கொடுத்த நூல்கள் நூலகத் தட்டுகளில் தூசு படிந்து கிடந்தன.

கிழக்கே நிலைமை வேறு. கேரளத்துச் சீரோ மலபார் கத்தோலிக்கர் டிசெம்பர் முதலாம் நாள் தொடங்கி இருபத்தைந்து நோன்பு பிடிக்கின்றனர். பைசாந்திய மரபினர் நவம்பர் 15 முதல் நாற்பது நாட்கள் நோற்கின்றனர். எத்தியோப்பிய ஓர்த்தடொக்ஸ் திருச்சபையினர் அதனிலும் கூடுதலாக. மேற்கு இலண்டனில் இவர்கள் எல்லோரும் எமக்கு அயலவர்கள். ஒரே பேருந்தில் ஏறுகின்றோம். அவர்கள் வெறுவயிற்றுடன் நிற்கின்றார்கள். நாம் நவம்பர் நடுப்பகுதியிலேயே வாங்கிவைத்த நத்தார் கேக்கைத் தின்று முடித்துவிட்டு நிற்கின்றோம்.

எமது தமிழில் இதற்குச் சொற்கள் இல்லாமலா போயின? 'ஒருசந்தி', 'சுத்தபோசனம்' என்னும் இரண்டு சொற்களையும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்த, என் வயதையொத்த எவரும் மறந்திருக்க முடியாது. நாளுக்கு ஒரு முழு உணவோடு நிற்பது ஒருசந்தி. இறைச்சி தவிர்ப்பது சுத்தபோசனம். இன்று என் பிள்ளைகளிடம் ஒருசந்தி என்றால் என்னவென்று கேட்டேன். மூத்தவள் அது ஏதோ ஒரு வீதிச் சந்தி என்று நினைத்துவிட்டாள். சிரித்தேன் என்றாலும் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை.

பாசையூரில் என் ஆச்சி சுத்தபோசனத்தை ஏற்றுக்கொள்ளவே மாட்டார். கடற்கரை ஊரில் வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டு மீனைத் தின்பது என்ன ஒறுத்தல் என்பது அவரது வாதம். கரைக்கு வந்த மீன் முதல்தரமானதாக இருந்தால் அது ஒறுத்தலன்று, விருந்து என்பார். ஆகவே நத்தாருக்கு முந்திய வெள்ளிகளில் அவர் மீனையும் விட்டார். பகலில் ஒருநேரச் சோறும் பருப்பும். இரவில் வெறும் தேநீர். அன்று உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு மண்முட்டியில் போட்டுவைப்பார். தான் உண்ணாத வேளையின் அரிசி அது. நத்தாருக்கு முதல்நாள் அம்முட்டி, கடலில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போகும். கொண்டுபோய்க் கொடுப்பவன் நான். யார் தந்தது என்று சொல்லக் கூடாது என்பது கட்டளை. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும் என்பது வேறு கதை.

நோன்பைப் பற்றி எசாயா இறைவாக்கினர் சொன்னவற்றைப் பிற்காலத்தில் நான் படித்தபோது எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. பசித்தவனோடு உணவைப் பகிராத நோன்பை இறைவன் ஏற்பதில்லை என்பதை எழுத்தறியாத ஆச்சி முட்டியாலேயே எனக்குப் போதித்திருந்தார்.

இந்த ஒருசந்திக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் காலத்தில், சைவர்கள் தங்கள் விரதங்களை மறைவாகவே அனுட்டித்தனர் என்றும், விரதமிருந்து உண்ட வாழையிலையை வெளியே எறியாமல் கூரை இறப்பிலே செருகி மறைத்தனர் என்றும் எமது முதியோர் சொல்வர். அந்த அடக்குமுறை எமது மதத்தின் பெயரால் நடந்தது என்பதைக் கத்தோலிக்கர்களாகிய நாம் மூடிமறைக்கத் தேவையில்லை. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். முறை மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டனர். இப்போது மறைந்து வாழவேண்டியவர்கள் நாமானோம். 1687இல் கோவையிலிருந்து, அதாவது இன்றைய கோவா மாநிலத்திலிருந்து, யோசே வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எம்மவர் நிலையான குருக்களின்றியே இருந்தனர். அடிகள் சில்லாலையில் தங்கி இரவில் பூசை ஒப்புக்கொடுத்தார். 1690ஐ அண்டிய ஒரு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் பூசைக்குக் கூடியிருந்தோரைச் சுற்றிவளைத்துச் சிறைப்பிடித்தனர். 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் இவரைப் புனிதராக உயர்த்தினார்.

அம்முப்பது ஆண்டுகளை நான் அடிக்கடி எண்ணிப்பார்ப்பதுண்டு. பூசைக்குக் குரு வேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்குக் குரு வேண்டும். ஒருசந்திக்கு எவரும் வேண்டியதில்லை. கோவிலில்லாதவனும் மணியில்லாதவனும் அதனைக் கடைப்பிடிக்கலாம். ஒல்லாந்தச் சிப்பாய் வீட்டைச் சோதனையிட்டாலும் வெறுவயிற்றைக் கைப்பற்ற முடியாது. புலம்பெயர்ந்த ஒரு சமூகத்துக்கு இதனைவிடப் பொருத்தமான வழிபாடு வேறு எது? ஊரிலிருந்து மண்டபத்தைக் கொண்டுவர முடியவில்லை. தேரைக் கொண்டுவர முடியவில்லை. சுமையில்லாமல் கொண்டுவரக்கூடிய இதனை ஏன் விட்டுவிட்டு வந்தோம்?

இதற்கு ஒரு விடை எனக்குக் கிடைத்தது. அது என்னை வாயடைக்கச் செய்தது. தமிழ்த் திருப்பலி முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில் இவ்விடயத்தைப் பேசினேன். மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு தாயார் கேட்டுக்கொண்டிருந்தார். 1999 நவம்பர் 20இல் மடுத் தேவாலயத்தின் மீது எறிகணைகள் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டபோது அங்கே இருந்தவர். அவ்வாண்டின் திருவருகைக்காலம் அதற்கு எட்டு நாட்களின் பின்னர் தொடங்கிற்று. 2009இல் அவர் முள்ளிவாய்க்காலில் இருந்தார். அவர் சொன்னார்: "தம்பி, என்ரை ஒருசந்தி எல்லாத்தையும் நான் வன்னியிலை முடிச்சுப்போட்டன். இனி நீங்கள் பிடியுங்கோ."

2009இல் தவக்காலம் பெப்ரவரி 25இல் தொடங்கி, ஏப்ரல் 12இல் உயிர்ப்புப் பெருவிழா வந்தது. அந்நாட்களில் அவர்கள் குடித்தது அரிசி ஒருபிடியும் நீர் பெருமளவுமான கஞ்சி. அதனை நோன்பு என்று அழைப்பது எவருக்கும் தகாது. நோன்பு என்பது கையிலிருக்கும் உணவை விடுதல். உணவே இல்லாதவனுக்குச் சுமத்தப்பட்டது பட்டினி. அதற்குப் பொறுப்பாளிகள் இருக்கின்றார்கள். பட்டினியைப் புனிதப்படுத்திப் பேசும் பிரசங்கங்களை நான் ஒருபோதும் பொறுத்துக்கொண்டதில்லை. திருச்சபையும் நோயுற்றோரையும் முதியோரையும் கடும் உழைப்பாளிகளையும் நோன்பிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. அத்தாயார் விலக்குப் பெற்றவர். ஆனால் அவர் கூற்றின் இரண்டாம் பகுதியை நாம் கேட்காததுபோல் போய்விடக் கூடாது. இனி நீங்கள் பிடியுங்கோ என்றார். எறிகணைக்கு அப்பால் இலண்டனில் இருந்து மூன்று வேளையும் உண்டவர்களைப் பார்த்து அவர் சொன்னது அது. நானும் அவர்களுள் ஒருவன்.

உண்ணாநோன்பு என்றதும் எம்மவர்க்கு நினைவுக்கு வருவது கோவிலன்று. 1987 செப்டெம்பரில் நல்லூர் வீதியில் திலீபனும், 1988இல் மட்டக்களப்பு மாமாங்கத்தில் அன்னை பூபதியும் உண்ணாதிருந்து உயிர்நீத்தனர். 2009இல் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் ஒரு தமிழ் இளைஞர் நாட்கணக்காக உண்ணாதிருந்தார். அவர் இரகசியமாக உண்டார் என இரண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் பொய் எழுதின. அடுத்த ஆண்டு அவரிடம் மன்னிப்புக் கோரி நட்டஈடும் செலுத்தின. பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் அதனை நினைக்கும்போது இன்றும் வெட்கமடைகின்றேன். அத்தகைய நோன்புகள் உலகின் கண்ணைத் தேடுபவை. அவை அப்படித்தான் இருக்கவேண்டும், பார்க்க மறுக்கும் உலகத்தைப் பார்க்கவைப்பதே அவற்றின் வேலை. திருவருகைக்கால நோன்போ நேர் எதிரானது. முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் பூசி, யாருக்கும் தெரியாமல் இருக்கவேண்டும் என்பது மத்தேயு நற்செய்தியின் போதனை. ஒன்று நீதியைக் கேட்கிறது. மற்றையது வருபவருக்கு இடம் ஒதுக்குகிறது. ஒன்றினால் மற்றொன்றை அளப்பது தவறு. ஆயினும் முன்னையதை அவ்வளவு மதிக்கின்ற எமது சமூகம் பின்னையதை அறவே கைவிட்டதன் காரணம் எனக்கு விளங்கவில்லை.

வருபவர் என்றேன். 'அத்வெந்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு வருகை என்பதே பொருள். அரசன் ஒரு நகருக்கு எழுந்தருள்வதை உரோமர் அச்சொல்லால் குறித்தனர். முன்னர் நாம் ஆகமன காலம் என்றோம், இப்போது திருவருகைக்காலம் என்கின்றோம். டிசெம்பர் 16 வரை வாசகங்கள் உலக முடிவில் நிகழவிருக்கும் வருகையைப் பேசுகின்றன. 17 முதல் 24 வரையே பெத்லகேமுக்கு வருகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வருகையொன்றைச் சொல்வார். யாருக்கும் தெரியாமல் உள்ளத்தில் நிகழும் வருகை அது. வெஸ்ட் ஈலிங் புகையிரத நிலையத்திலிருந்து எலிசபெத் வழித்தடத்தில் ஏறினால் சிறிது நேரத்தில் ஹீத்ரோ. அங்கே கதவுக்கு மேலே 'வருகை' என்றே எழுதியிருக்கிறது. எம்முள் எத்தனையோ பேர் அந்தக் கதவால் வெளியே வந்து, பின்னர் ஒரு கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். காத்திருத்தல் என்றால் என்ன என்பதை எமக்கு எந்தக் குருவானவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அகதியின் காத்திருப்பு மனிதனைச் சுருக்குகிறது. தபால்காரனின் காலடியைத் தவிர வேறொன்றையும் அவன் கேட்பதில்லை. அவ்வாறு மூன்று ஆண்டுகள் இருந்தவன் நான். திருவருகைக்காலத்தில் காத்திருப்பவனோ தானாகவே ஒன்றை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கிறான். விட்டுக்கொடுக்கத் தன்னிடம் ஏதோ இருக்கிறது என்பதை அதனால் அறிகிறான். நாட்டையும் வேலையையும் பறிகொடுத்த ஒருவனுக்கு அது சிறிய செய்தியன்று.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்தபடி செம்மணி வழியே தென்மராட்சிக்கு நடந்தனர். என் குடும்பமும் நடந்தது. அவ்வாண்டு திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு டிசெம்பர் 3. இரண்டு நாட்களின் பின் யாழ்ப்பாண நகரில் இராணுவம் கொடியேற்றியது. நாம் ஒரு சைவக் குடும்பத்தின் வளவில், மாட்டுக்கொட்டிலின் ஒரு பக்கத்தில் இருந்தோம். மாட்டுக்கொட்டிலில் நத்தார் என்று என் மாமா பகிடி சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவ்வீட்டம்மா பிள்ளையார் கதை விரதம் தொடங்கியிருந்தார். கார்த்திகைப் பூரணைக்கு மறுநாள் தொடங்கி மார்கழிச் சட்டி வரை இருபத்தொரு நாட்கள், நாளுக்கு ஒரு வேளை உணவு. திருவருகைக்காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆச்சியும் தன் ஒருசந்தியை விடவில்லை. இரண்டு கிழவிகளும் ஒரே அடுப்பில் ஒரே வேளையில் சமைத்தார்கள். ஆச்சியிடம் மண்முட்டி இல்லை, பாசையூரிலேயே போய்விட்டது. பிடியரிசியை அவ்வம்மா வீட்டுப் பானைக்குள்ளேயே போட்டார். யாருடைய அரிசியை யாருக்குப் போடுகிறார் என்று நான் குழம்பியது நினைவிருக்கிறது. நிவாரண அரிசி அது. அவ்வம்மா தன் நோன்பில் மிச்சம் பிடித்ததோ எங்கள் சிறுவர்களின் கோப்பைகளுக்கு வந்தது.

இன்று வெஸ்ட் ஈலிங்கில், தேவாலய வீதி என்று பொருள்படும் சப்பல் வீதியில்தான் கனகதுர்க்கை அம்மன் ஆலயம் இருக்கிறது. இந்தப் பெயர்ப் பொருத்தத்தை நினைத்து நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு. என்னோடு இரவுப்பணி செய்யும் நண்பர் ஒருவர் அங்கே போகின்றவர். கடந்த ஆண்டு டிசெம்பரில் அவர் எரிபொருள் நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே விரதமிருந்தார். என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது, "அண்ணை, உங்களுக்கும் நத்தாருக்கு முதல் விரதம் இருக்கெல்லே?" என்று வெகு சாதாரணமாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல நாவெழவில்லை. இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. பெட்டிக்குள் கோழிக்கறி இருந்தது.

எவர் மீதும் சட்டம் சுமத்த எனக்கு அதிகாரமில்லை. எமக்கு அயலிலுள்ள ஈலிங் ஆச்சிரமத்துத் துறவிகள் பின்பற்றும் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து தவக்காலம் வரை பிற்பகலில்தான் உணவு என்று விதிக்கும் அதே அதிகாரம், கோடையில் வயல்வேலை செய்பவர்களுக்கு நோன்பைத் தளர்த்துமாறும் சொல்கிறது. முணுமுணுப்புக்கு இடமில்லாதவாறு தலைவர் ஒழுங்குசெய்ய வேண்டுமாம். இரவுப்பணியாளருக்கும் முதியோர் இல்லங்களில் நோயாளரைத் தூக்கி இறக்கும் எமது பெண்களுக்கும் அந்தத் தளர்வு பொருந்தும். ஆனால் வெள்ளியில் இறைச்சியை விடுவதற்கு எவருக்கும் பலம் போதாமற் போகாது. வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டு அதன் விலையை ஒரு தகரப்பேணியில் போட்டு, இங்குள்ள உணவு வங்கிக்கோ ஊரிலுள்ள ஒரு வீட்டுக்கோ அனுப்புவதும் கடினமன்று. 2022இல் இலங்கையில் அரிசி விலை ஏறியபோது அழுதபடி தொலைபேசியில் பேசிய உறவினர்கள் எம் எல்லோருக்கும் இருக்கிறார்கள்.

ஒன்றுகூடல்களையும் நான் வெறுக்கவில்லை. திகதியைத்தான் மாற்றச் சொல்கிறேன். நத்தார் காலம் டிசெம்பர் 25இல் தொடங்குகிறது, முடிவதில்லை. சனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது நீள்கிறது. அந்நாட்களில் மண்டபங்களின் வாடகையும் குறைவு. ஆனால் 26ஆம் திகதியே நத்தார் மரங்கள் வீதியோரத்தில் கிடக்கும் நாட்டில் இதனைச் சொல்வது சற்று அசட்டுத்தனமாகத்தான் படுகிறது.

அழைப்பிதழ் அனுப்பிய அன்பர்களுக்கு இவற்றையெல்லாம் சுருக்கி எழுதி, விழாவை நத்தாருக்குப் பின் வரும் ஞாயிறுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தேன். நேற்றுப் பதில் வந்தது. கோபிக்காமல்தான் எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைச் சட்டம் தங்களுக்குத் தெரியாதென்றும், மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்றென்றும், ஆகவே ஆட்டிறைச்சிக்குப் பதிலாக மீன் கொத்துப் போட்டால் சரியாகுமா என்றும் கேட்கிறார்கள். சட்டப்படி சரி என்று பதில் எழுதியிருக்கிறேன். ஆச்சியைப் பற்றி எழுதவில்லை.